ஆர்கிரோவின் படகில் இரண்டாவது இருக்கை

கஸ்தோரியா,
ஜூலை 4

தங்கச்சி கிரிசாந்திக்கு,

அன்று யானினா படகுத்துறையில் இருந்தவர்கள் இவர்கள்: கழுத்தில் ஊதலோடு பயிற்சியாளர் ஸ்டெர்யோஸ். யாராலும் அசைக்க முடியாத ஆர்கிரோ. உன் பேத்தி ரோதாந்தி. என் பேத்தி மலமதி. துடுப்புப் போடும் பெண்களில் நாலாவதாக உங்கள் ஊர் கிளப்புப் பெண் லம்ப்ரினி. அவள் அப்பா சீஸிஸ், மீன்கடை ஏப்ரனைக்கூடக் கழற்றாமல். புது வெள்ளைத் தொப்பியில் நீ. அப்புறம் நான். ஒருவரையும் விடவில்லை. நாளைக்கு யாரும் நான் அங்கே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது.

உன் வீட்டுக்காரர் முழங்கால் எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்டுவிட்டேன்.

போனில் நீ என்னைப் பேச விடமாட்டாய், அதனால் எழுதுகிறேன். என் படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. பிழை இருந்தால் ஹைஸ்கூல் போன நீ திருத்திக்கொள். நீ புத்தகப்பையோடு போன வருஷங்களில் நான் பட்டறையில் குனிந்து ரோமத்தோல் துண்டுகளைத் தைத்துக்கொண்டிருந்தேன். உனக்கு மறந்திருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். உலக இளையோர் போட்டிக்கு நம் நாட்டிலிருந்து ஒரு இரட்டையர் படகு போகிறது. ஒரு இருக்கை ஆர்கிரோவுக்கு, அதில் பேச்சே இல்லை. மற்ற இருக்கை மலமதிக்கா, ரோதாந்திக்கா? ஆள் மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார் ஸ்டெர்யோஸ். முதல் ஓட்டத்தில் ஆர்கிரோவோடு மலமதி, லம்ப்ரினியோடு ரோதாந்தி. ஆர்கிரோவின் படகு ஒரு படகு நீளம் முந்தியது. அப்புறம் உன் பேத்தியையும் என் பேத்தியையும் இடம் மாற்றி உட்கார வைத்தார். இப்போது ஆர்கிரோவின் படகு மூன்று நீளம் முந்தியது. முடிந்தது. இருக்கை ரோதாந்திக்கு. நீ கைதட்டினாய்.

ஆனால் அந்த ஓட்டத்தில் மலமதிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது யார்? லம்ப்ரினி. ரோதாந்தியோடு ஒரே கிளப்பில் வளர்ந்தவள். ரோதாந்தி கூட இருந்தபோது உயிரைக் கொடுத்து இழுத்தாள், என் பிள்ளை கூட இருந்தபோது துடுப்பைத் தண்ணீரில் நனைத்து எடுத்தாள். முதல் நாள் சாயங்காலம் அவளுக்கு ஒரு தாம்பாளம் கீரைப் பிட்டா கொடுத்தனுப்பினாயே, அதுவும் எனக்குத் தெரியும்.

மலமதியின் அம்மா அப்பா ஜெர்மனியில் உழைக்கிறார்கள். ஆறு வயதிலிருந்து அவளை வளர்த்தவள் நான். விடியுமுன் ஏரிக்குக் கூட்டிப்போனவள் நான். இதை நான் சும்மா விடமாட்டேன்.

உன் அக்கா,
பொலிக்ஸேனி

*

யானினா,
ஜூலை 11

அன்புள்ள அக்கா,

முழங்கால் பரவாயில்லை. உன் கடிதத்தைத்தான் அவருக்குப் படித்துக் காட்ட முடியவில்லை.

நீ சாப்பிடாமல் பஸ் ஏறிப் போய்விட்டாய். உனக்காக ஏரி மீன் பொரித்து வைத்திருந்தேன். கடைசியில் பூனைதான் தின்றது.

கீரைப் பிட்டா லம்ப்ரினிக்கு மட்டும் போகவில்லை. நாலு பெண்களுக்கும் போனது, அதிகம் தின்றது உன் பேத்தி. ஓட்டம் முடிந்ததும் லம்ப்ரினியின் உள்ளங்கையைப் பார்த்தேன். தோல் உரிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. சும்மா நனைத்து எடுக்கிற கை அப்படி ஆகாது. அவள் அப்பா சொன்னார், "எம் பொண்ணுக்கு மூளை கொஞ்சம் கம்மிதான். ஆனா பாதி இழுக்கிறது எப்படின்னு அவளுக்கு யாரும் சொல்லிக்குடுக்கல."

பயிற்சி முகாம் நடந்த இரண்டு வாரமும் மலமதி எங்கள் வீட்டில் எங்கள் பிள்ளையாக இருந்தாள். அவளுடைய சாம்பல் நிற ஸ்வெட்டர் இங்கேயே தங்கிவிட்டது, துவைத்து அனுப்புகிறேன். அக்கா, அவளை ஒன்றும் கேட்காதே. கொஞ்ச நாள் அவள் போக்கில் விடு.

உன் தங்கச்சி,
கிரிசாந்தி

*

கஸ்தோரியா,
ஜூலை 22

கிரிசாந்தி,

ஸ்வெட்டர் வந்தது. அது நான் பின்னியது. நீ துவைத்து உன் வீட்டுச் சோப்பு வாசனை ஏற்றி அனுப்பியிருக்கிறாய்.

என் பேத்தியிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்று நீ எனக்குச் சொல்லித்தருகிறாய். அவள் சாப்பிட்டதும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். தோற்ற துக்கம், வேறென்ன? "கண்ணு, நெஞ்சைத் தொட்டுச் சொல்லு, அவ உனக்குச் சரியா இழுத்தாளா?" என்று கேட்டேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள். நல்ல பிள்ளை, யாரையும் காட்டிக்கொடுக்க மாட்டாள். அதனால் நான் போனேன். படகோட்டச் சங்கத்தில் புகார் சொல்லிவிட்டேன், லம்ப்ரினி வேண்டுமென்றே பாதி இழுத்தாள் என்று. விசாரிக்கிறோம் என்றார்கள்.

இங்கே காபிக்கடையில் பேப்பரை ஆணியில் மாட்டியிருக்கிறார்கள். அதில் உன் ரோதாந்தி, ஆர்கிரோவின் தோளில் கை போட்டுக்கொண்டு சிரிக்கிறாள். நான் அந்தத் தெரு வழியாகப் போவதையே நிறுத்திவிட்டேன். ரொட்டி வாங்கச் சுற்றிப் போகிறேன். பேக்கரிக்காரி கேட்கிறாள், "உங்க தங்கச்சி பேத்தியாமே? சொல்லவே இல்லையே நீங்க?" என்று.

சொல்வதற்கு எனக்கே ஒரு பேத்தி இருக்கிறாள் என்றேன்.

பொலிக்ஸேனி

*

யானினா,
ஆகஸ்ட் 10

அன்புள்ள அக்கா,

உனக்குச் செய்தி தெரிந்திருக்கும். ஆர்கிரோவும் ரோதாந்தியும் மூன்றாவதாக வந்தார்கள். பாதி தூரம் வரை ஐந்தாவது. கடைசியில்தான் இத்தாலிப் பெண்களைத் தாண்டினார்கள். ஸ்டெர்யோஸ் அழுதாராம். அடுத்த வருஷம் இருபத்து மூன்று வயதுக்குட்பட்டோர் அணி, அதற்கப்புறம் எதுவும் நடக்கலாம் என்கிறார். நீ ஒரு வார்த்தை வாழ்த்துச் சொல்லியிருந்தால் ரோதாந்தி அந்த மெடலை விடப் பெரிதாக நினைத்திருப்பாள்.

நான் எழுத உட்கார்ந்தது அதற்கில்லை. உன் புகாரால் பால்கன் நாடுகளின் போட்டிக்கான பட்டியலிலிருந்து லம்ப்ரினியை நிறுத்தி வைத்துவிட்டார்கள். அந்தப் பெண் தினமும் துறைக்கு வந்து ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போகிறாள். மீன்கடையில் ஆட்கள் சீஸிஸிடம் ஜாடையாகப் பேசுகிறார்கள். இதற்கு மேல் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் கடவுள் மன்னிக்க மாட்டார்.

பாதி இழுத்தது லம்ப்ரினி இல்லை. மலமதி. இரண்டு ஓட்டத்திலும்.

ஓட்டத்துக்கு முதல் நாள் நான் பிட்டாவுக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தபோது என் எதிரில் உட்கார்ந்து அழுதாள். "சின்னப் பாட்டி, எனக்குப் படகு வேணாம். நாலு வருஷமா ஒவ்வொரு போட்டிக்கும் முன்னாடி வாந்தி எடுக்கிறேன்" என்றாள். பாட்டியிடம் சொல்லேன் என்றேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வேணாம்னு சொன்னா பாட்டி விடமாட்டாங்க. தோத்தா என்னைத் திட்டமாட்டாங்க, வேற யாரையாவது திட்டுவாங்க. அதுவும் இல்லாம, அவங்க எங்கிட்ட பேசறதே படகைப் பத்தித்தான். அது இல்லேன்னா எங்க ரெண்டு பேருக்கும் பேச என்ன இருக்கு?"

நேர்மையாக ஓட்டு, ஜெயித்தாலும் அப்புறம் வேண்டாம் என்று சொல்லு என்றேன். கேட்கவில்லை. யாரிடமும் சொல்லாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். லம்ப்ரினிக்காக இன்று அந்த வாக்கை உடைக்கிறேன். மலமதியை அடித்துவிடாதே, அக்கா.

உன் தங்கச்சி,
கிரிசாந்தி

*

கஸ்தோரியா,
ஆகஸ்ட் 16

கிரிசாந்திக்கு,

அடிக்கவில்லை. உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கதவைத் தட்டினேன். "நிஜமா?" என்றேன். "நிஜம்தான் பாட்டி" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

போட்டி நாட்களில் அவள் வாந்தி எடுத்தது எனக்குத் தெரியாதா? தெரியும். பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். ஆட்டுப்பாலுக்கு மாற்றினேன். அதற்காக மேட்டுத் தெருவரை தினமும் ஏறி இறங்கினேன்.

மறுநாளே சங்கத்துக்குப் போய் நான் சொன்னது பொய் என்றேன். அங்கிருந்தவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "என்னம்மா, ஏரியில ஓடற படகுன்னா உங்களுக்கு விளையாட்டா?" என்றான். வாங்கிக்கொண்டேன். லம்ப்ரினியின் பெயரைத் திரும்பச் சேர்ப்பதாகச் சொன்னான். அதை அவன் கையால் எழுதும் வரை நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. சீஸிஸுக்குப் போன் செய்து அவர் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டேன். நிறையப் பேசினார். அவர் பெண்ணுக்கு ஒரு ஜோடிக் கம்பளிக் கையுறை பின்னிக்கொண்டிருக்கிறேன்.

ரோதாந்திக்குச் சொல், பெரிய பாட்டி மாதா கோயிலில் அவள் பெயருக்கு மெழுகுவத்தி ஏற்றினாள் என்று. கண் படாமலிருக்க மூன்று தரம் துப்பியும் விட்டேன். பட்டால் என் கண்தான் படும், அதனால் நன்றாகவே துப்பினேன்.

மலமதியை மன்னித்துவிட்டேன். வாயால் சொல்லவில்லை. நேற்று மாதா பண்டிகைச் சாப்பாட்டில் முதல் கறித்துண்டை அவள் தட்டில் வைத்தேன். தின்றாள். அப்புறம் இரண்டு பேரும் அரைமணி நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் சொன்னது சரிதான், எங்களுக்குப் பேச ஒன்றும் இல்லை. கடைசியில் அவளே கேட்டாள், "பாட்டி, ரோமத்தோலை எப்படித் தைப்பீங்க? முடி ஊசில மாட்டாதா?" பன்னிரண்டு வருஷத்தில் என்னைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி. ஊசியை எடுத்துக் காட்டினேன்.

இருக்கை போனது போகட்டும். மெடல் உன் வீட்டுச் சுவரில் தொங்கட்டும். இனி பேப்பர் மாட்டிய தெருவழியாகவே நடப்பேன். அதெல்லாம் நான் தாங்கிக்கொள்வேன்.

ஆனால் நான் வளர்த்த பிள்ளை நாலு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். அழ வேண்டும் என்று வந்தபோது மலைகளைத் தாண்டிப் போய் உன் எதிரில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். உன் கையைப் பிடித்திருக்கிறாள். நீ மாவு தேய்ப்பதை நிறுத்தினாயா, தேய்த்துக்கொண்டே கேட்டாயா? அதைக்கூட நீ எழுதவில்லை. நான் அதையேதான் நினைத்துக்கொண்டு படுக்கிறேன்.

நீ ஒரு தப்பும் செய்யவில்லை. நல்ல யோசனைதான் சொன்னாய், வாக்கைக் காப்பாற்றினாய், உடைக்க வேண்டிய நேரத்தில் உடைத்தாய். உன் இடத்தில் நான் இருந்திருந்தால் இவ்வளவு ஒழுங்காக நடந்திருக்க மாட்டேன். எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஸ்டெர்யோஸ் மேல் எனக்குக் கோபம் இல்லை, அந்தப் பெண்கள் யார் மேலும் இல்லை. நான் சாகும்வரை மன்னிக்க மாட்டாத ஆள் ஒருத்திதான்.

அது நீ, கிரிசாந்தி.

பொலிக்ஸேனி