மூணாவது தடவை பாஸாயிட்டேன் மாப்ள

என் அருமை அந்தோணி மாப்ளைக்கு,

பாஸ்! முதல்ல அதைச் சொல்லிடுறேன், இல்லேன்னா எனக்கு இருப்புக் கொள்ளாது. நீ மேல உட்கார்ந்துக்கிட்டு, "ஏலே மச்சான், நிசமாவா? ஆள் மாத்தி எழுத வச்சியா?"ன்னு கேப்ப. சத்தியமா நானேதான் எழுதினேன்.

ஒரே நூல் மில்லுல நாம ரெண்டு பேரும் கணக்கு அதிகாரிங்க. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்ச கையோட திண்டுக்கல்ல பஸ் ஏறி, கம்பெனிகளை வாங்குறதும் இணைக்கிறதும் எப்படின்னு படிக்க மதுரைக்குப் போவோம். நீ முதல் தடவையிலேயே பாஸாகி, ஆபீசுக்கே பிரியாணி வாங்கிக் கொடுத்த. நான் ரெண்டு தடவை கோட்டை விட்டேன். அப்பவும் நீ என்னை விடாம, கூடவே உட்கார்ந்து படிச்ச. போன வருசம் உனக்கு நெஞ்சுவலி வந்துச்சு. ஆஸ்பத்திரி போய்ச் சேருறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு.

முப்பதாம் நாள் பூசை முடிஞ்சதும் புத்தகத்தையெல்லாம் கட்டிப் பரண்ல போட்டுட்டேன். நீ இல்லாம எனக்கென்ன படிப்பு? உன் பொண்டாட்டி, அதான் என் தங்கச்சி செலின், அம்புட்டையும் இறக்கி என் மடியில வச்சா. "அவரு பேரைச் சொல்லி நிறுத்தாதண்ணே. உனக்குப் பிடிக்கலேன்னா, பிடிக்கலேன்னு சொல்லு"ன்னா. பிடிச்சிருக்கா இல்லையான்னே அன்னைக்கு எனக்குத் தெரியல.

எழுத்துத் தேர்வுல தப்பிச்சேன். கடைசியா நேர்ல கேள்வி கேக்க மூணு பேர். அதுல ஒரு அம்மா, "இணைப்பு பேச ரெண்டு முதலாளிங்க வந்திருக்காங்க. ரெண்டு பேருமே விலையை முதல்ல சொல்ல மாட்டேங்குறாங்க. என்ன செய்வீங்க?"ன்னாங்க. படிச்சதெல்லாம் பறந்து போச்சு மாப்ள. வாயில வந்தது ஒட்டன்சத்திரம் மாட்டுச்சந்தை. "துண்டைப் போடச் சொல்லுவேங்க"ன்னுட்டேன்!

மூணு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. போச்சுடா, மறுபடியும் கோவிந்தான்னு நினைச்சேன். உங்கப்பா காளை விக்கப் போனப்ப நாமளும் கூடப் போனோமே, தரகர் துண்டுக்குள்ள அவர் கையைப் பிடிச்சு விரலாலயே விலை பேசினாரே, அதைச் சொன்னேன். "கேட்ட விலை வெளிய தெரியாதுங்க. பேரம் படியலேன்னாலும் மாட்டுக்கு மதிப்புக் குறையாது, அடுத்த ஆளு புதுசா கேப்பாரு. கம்பெனிக்கும் அப்படித்தாங்க. பேச்சு வெளிய கசிஞ்சா பங்கு விலை ஆடும், வேலை பாக்குறவங்க பயந்துருவாங்க. அதனால முதல்ல ரகசிய ஒப்பந்தம். அப்புறம் நடுவுல நம்பகமான ஒருத்தர்கிட்ட ரெண்டு பேரும் தனித்தனியா விலையைச் சொல்லணும்"னேன். அந்த அம்மா பேனாவைக் கீழ வச்சுட்டு, "சந்தை என்னைக்குக் கூடும்?"னு கேட்டாங்க.

ரிசல்ட் வந்த அன்னைக்கு செலின் கேசரி கிண்டித் தெருவுக்கே கொடுத்தா. உன் போட்டோ முன்னால ஒரு தட்டு வச்சா. எறும்புக்குத்தான் கொண்டாட்டம்.

இப்ப எனக்குப் பரீட்சை எதுவும் இல்ல. ஆனா இன்னைக்குக் காலையில ரெண்டு சிமெண்டு கம்பெனி சேரப் போகுதுன்னு பேப்பர்ல பார்த்தேன். யாரு யாரை வாங்குறா, எதுக்கு இம்புட்டு அவசரம்னு ஓரத்துல பென்சிலால கிறுக்க ஆரம்பிச்சவன், சாப்பாடு ஆறிப்போனதுகூடத் தெரியாம உட்கார்ந்திருக்கேன். செலின் பார்த்துட்டுச் சிரிக்கிறா. உனக்குத் துணையாத்தான் படிக்கிறேன்னு இத்தனை வருசம் நினைச்சிருந்தேன். இல்ல மாப்ள. எனக்கே இது ரொம்பப் பிடிச்சிருக்கு.

கோவிச்சுக்காத. இனிமே உனக்காகப் படிக்க மாட்டேன், எனக்காகவே படிப்பேன். இது சத்தியம்.

உன் செலினோட அண்ணன்,
ஸ்டீபன்