ஒரே சுவருக்கு இரண்டு மதிப்பெண்

உன் பேனாவைக் கையில் எடுத்தால் இன்னும் தைல வாசனை வருகிறது. வழுக்காமல் இருக்க அதன் கழுத்தில் நீ சுற்றிய கறுப்பு டேப் விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. நீ போய் இரண்டு வருஷமாகிறது. டேப் மட்டும் உன் பிடியை விடவில்லை.

இதை எழுதுவது நான்தான். நம்ப மாட்டாய். தங்கச் சுரங்கத்தில் இறங்கிய முதல் நாளிலிருந்து அது மூடிய நாள் வரைக்கும் கட்டைவிரலை மட்டும் காட்டி வேலை பார்த்த அதே ஆள்தான். இந்த மடலை ஆரம்பித்து இன்றோடு ஐந்து நாள். ஒரு வரி எழுதுவேன், எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பேன், திரும்பி வந்து பார்ப்பேன். எழுதியது எழுதிய இடத்திலேயே இருக்கும். அந்த சந்தோஷத்தை உனக்கு எப்படிச் சொல்வது? நீ ஏழாவது வரை படித்தவன். உனக்கு அது பழகிப்போன விஷயம்.

எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தது உன் மனைவி கன்னியம்மா. நீ இருந்தவரை என் வீட்டுக்கு வரும் காகிதமெல்லாம் உன் கைக்குத்தான் வரும். நீ போன பிறகு ஆஸ்பத்திரிச் சீட்டோடு அவள் வாசலில் போய் நின்றேன். இரண்டு தடவை படித்துச் சொன்னாள். மூன்றாவது தடவை, "இன்னாண்ணா, எத்தினி நாளைக்கு இப்படி வந்து நிப்ப? உக்காரு" என்று பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு 'அ' எழுதி, உன் பேனாவை என் கையில் கொடுத்தாள். எழுபத்து நாலு வயதில் எனக்கு 'அ' வந்தது. இப்போது கல்யாணப் பத்திரிகை படிக்கிறேன். கோயில் நோட்டீஸ் படிக்கிறேன். யார் செத்தார் என்று சுவரில் ஒட்டியிருப்பதை நின்று முழுவதும் படித்துவிட்டுத்தான் நகர்கிறேன்.

ஆனால் ஒன்று. படிக்கத் தெரிந்துவிட்டால் உலகத்தில் இத்தனை அசட்டுத்தனம் கண்ணில் படும் என்று நீ ஒருநாளும் எனக்குச் சொல்லவில்லை.

போன திங்கட்கிழமை பெங்களூரிலிருந்து ஒரு பெண் நம் லைனுக்கு, கம்பெனி வரிசையாகக் கட்டிய இந்த ஒட்டு வீடுகளுக்கு, வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு கட்டுப் படிவம். எந்த ஊரில் ஜனங்கள் நன்றாக வாழ்கிறார்கள் என்று அந்தந்த ஊர்க்காரர்களையே மதிப்பெண் போடச் சொல்கிறார்களாம். பிறகு ஊர்களை வரிசையாக நிறுத்துவார்களாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போல இந்த ஊர் ஃபர்ஸ்ட், அந்த ஊர் ஃபெயில். தமிழ் ஆட்கள் இருக்கும் இடம் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும், தமிழிலேயே அச்சடித்திருந்தார்கள். எனக்கு ஒன்று, பக்கத்து வீட்டில் கன்னியம்மாவுக்கு ஒன்று.

"சும்மா டிக் போட்டா சாகு, போதும் அங்கிள். ஒண்ணுன்னா மோசம், அஞ்சுன்னா சூப்பர். ஈவினிங் வந்து வாங்கிக்கிறேன்" என்றாள்.

"எளுதறதுக்கு எடம் இல்லியா?"

"லாஸ்ட்ல ஒரு பாக்ஸ் இருக்கு. யாரும் அத ஃபில் பண்ண மாட்டாங்க."

உட்கார்ந்து படித்தேன். நானே படித்தேன், யாரையும் கேட்காமல். முதலில் இருந்த சந்தோஷம் மூன்றாவது கேள்வியில் போய்விட்டது. உங்கள் பகுதியில் உள்ள பூங்காக்களின் தரம் எப்படி? பூங்காவாம். நம் லைனுக்குப் பச்சை என்று இருப்பது தங்கம் பிரித்த கழிவு மண்ணைக் கொட்டிய சயனைடு மேட்டின் அடியில் தானாக முளைத்த முள்மரம். காற்றின் தரம் எப்படி? காற்றடிக்கிற மாதத்தில் அந்த மேட்டு மண் பறந்து வந்து சோற்றுத் தட்டில் வெள்ளையாக விழும்போது வந்து கேட்டிருந்தால் தட்டையே கையில் கொடுத்திருப்பேன். விமான நிலையத்துக்குப் போய்வர வசதி எப்படி? இதைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. தண்ணீர் லாரி வரும் இடத்துக்குப் போய்வர வசதி எப்படி என்று கேட்க அவர்களில் ஒருவனுக்குக்கூடத் தோன்றவில்லை.

இப்படிக் கேள்வி எழுதுகிறவன் எங்கே உட்கார்ந்து எழுதுகிறான்? அவனை ஒரு வாரம் நம் லைனில் குடிவைத்துவிட்டுப் பிறகு ஐந்துக்கு எத்தனை என்று கேட்க வேண்டும்.

பதில் போடுகிறவர்களும் அவனுக்குச் சளைத்தவர்கள் அல்ல. என் மகனிடம் போனில் சொன்னேன். விடியும் முன் ரயில் ஏறி பெங்களூர் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவன். "பெங்களூருக்கு நான் நாலு குடுப்பேன்பா" என்றான். அந்த ஊரில் அவன் பார்ப்பது ஸ்டேஷனிலிருந்து ஆபீஸ் வரைக்கும் உள்ள ரோடு. போக வர ரயிலில் நின்றுகொண்டே போகிறான். முட்டி வலிக்கு என் தைலத்தைத்தான் எடுத்துத் தேய்க்கிறான். அந்த ஊருக்கு நாலு! ராத்திரி வந்து படுக்கிற இந்த ஊருக்கு எத்தனை என்றேன். "இங்க இன்னா கீது?" என்றான். வேறென்ன சொல்வான்?

படிவத்தை எடுத்துக்கொண்டு கன்னியம்மாவிடம் போனேன். அவள் தன்னுடையதை முடித்திருந்தாள். எல்லாவற்றுக்கும் ஐந்து.

"பூங்காவுக்குமா?" என்றேன்.

"எல்லாத்துக்கும்தான். நீயும் போட்டுடுண்ணா. அவரு போன தடவ எப்படிப் போட்டாரோ அப்படியே போடு" என்றாள். உள்ளே போய் உன் தகரப்பெட்டியைத் திறந்து ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஜெராக்ஸ் எடுக்காமல் எந்தக் காகிதத்தையும் நீ வெளியே விட்டதில்லை. அந்தப் பழக்கம்தான் உன்னைக் காட்டிக்கொடுத்தது. ஆறேழு வருஷத்துக்கு முன் இதே மாதிரி வந்த படிவம் அது. மேலே என் பெயர். கீழே என் கட்டைவிரல். நடுவில் வரிசையாக, ஒன்று விடாமல், 'மிக நன்று'.

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீ என் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாய். நான் சொல்லச் சொல்ல உன் பேனா ஓடிக்கொண்டிருந்தது. பத்து நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் என்றேன், எழுதினாய். பொதுக் கக்கூசுக்குக் கதவு இல்லை, பெண்கள் துணிபிடித்து நிற்கிறார்கள் என்றேன், எழுதினாய். வீட்டுச் சுவர் விரிசல் விட்டுவிட்டது என்றேன். தலையை ஆட்டி ஆட்டி எழுதினாய். "அல்லாம் எளுதிட்டியா?" என்று கேட்டேன். "எளுதிட்டேன். கைய வை" என்றாய். வைத்தேன்.

படிவத்தின் கடைசியில் எழுதுவதற்கென்று இருந்த பெட்டியும் காலியாகவே இருந்தது. அப்படியானால் அத்தனை நேரம் அந்தப் பேனா எதன்மேல் ஓடியது, துரோகி?

அதற்கப்புறம் ஒரு என்ஜினியர் வந்தானே, நினைவிருக்கிறதா? புதுக் குழாய் எந்த லைனுக்கு என்று பார்க்க வந்தவன். "உங்க லைன்ல எல்லாரும் மிக நன்றுன்னு போட்டிருக்கீங்க. குறை இருக்கிற இடத்துக்குத்தான் முதல்ல" என்றான். அவன் சட்டையைப் பிடிக்காத குறை. "நான் சொன்னது காயிதத்துல கீது, போய்ப் படிச்சிப் பாருய்யா" என்று ஊர் கூடும்படி கத்தினேன். நீ என் பக்கத்தில் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாய். துடைத்தாய், துடைத்தாய், அவன் தெருமுனை தாண்டும் வரை துடைத்தாய். எனக்காக நீ கலங்கி நிற்கிறாய் என்று நினைத்தேன். குழாய் பக்கத்து லைனுக்குப் போயிற்று. கன்னியம்மா இன்றைக்கும் அங்கே போய்த்தான் குடம் வைக்கிறாள்.

"உனுக்கு இது தெரியுமா?" என்று அவளைக் கேட்டேன்.

"தெரியும்."

"தெரிஞ்சும் எனுக்குப் படிக்கச் சொல்லிக் குடுத்தியே."

"நீ இவ்ளோ தூரம் படிப்பேன்னு அப்ப எனுக்கு இன்னா தெரியும்?" என்றாள். பிறகு குரலை இறக்கி, "அவரு பயந்தாருண்ணா. வீடு நம்ம பேர்ல இல்ல, கம்பெனி வீடு. இங்க மனுஷன் இருக்க முடியாதுன்னு நாமளே எளுதிக் குடுத்தா, அப்ப காலி பண்ணுங்கன்னுடுவான். எனுக்கும் பயம்தான். என்ன எங்க போவச் சொல்ற?" என்றாள்.

கோபத்தோடு வீட்டுக்கு வந்தேன். பயமாம். யாருக்கு, உனக்கா?

கடப்பாரையை எடுத்துக் கூரைப் பாறையைத் தட்டிப் பார்க்காமல் ஒரு நாளாவது நீ எங்களை உள்ளே விட்டிருக்கிறாயா? கீழே, அந்த வெக்கையில், முதலில் நீ போவாய். தட்டுவாய். கணீர் என்றால் கையை ஆட்டுவாய், நாங்கள் போவோம். பொத்தென்று வெற்றுப் பானை போலக் கேட்டால் நின்றுவிடுவாய். ஒரு தடவை மேஸ்திரி, "ஒண்ணும் ஆவாது, போங்கடா" என்று விரட்டினான். கடப்பாரையை அவன் கையில் கொடுத்து, "நீ மொதல்ல போ சாமி, உன் பின்னாலயே வரோம்" என்றாய். அவன் போகவில்லை. மரம் கொண்டுவந்து முட்டுக்கொடுத்தார்கள். அன்றைக்கு என்னிடம், "சத்தம் கெட்டிருந்தா வாயத் தொறந்து சொல்லிடணும். சொன்னாத்தான் முட்டு வரும்" என்றாய். உன்னால்தான் நான் கை கால் முழுசாக மேலே வந்தேன்.

பாறையிடம் பொய் சொல்லாதவன் காகிதத்திடம் சொல்லியிருக்கிறாய். காகிதம் இடிந்து தலையில் விழாது என்று நினைத்தாயா? கடைசியில் டாக்டரிடமும் அதையே செய்தாய். பாதி மூச்சில் உட்கார்ந்துகொண்டு, "ஆல் ரைட் சார்" என்றாய். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். எழுதுகிறவன் எல்லாம் எழுதத்தான் வந்தவன். அவன் எதையும் தட்டிப் பார்க்க மாட்டான். அது தெரிந்திருந்தும் நீ சொல்லவில்லை. இதற்கு நான் உன்னை மன்னிக்கப் போவதில்லை. சண்டை போடவும் நீ இல்லை.

படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பூங்காவுக்கு ஒன்று. காற்றுக்கு ஒன்று. விமான நிலையத்தைக் கோடு போட்டு அடித்தேன். பத்தாவது கேள்வியில் கை நின்றது. உங்கள் வீடு எவ்வளவு பாதுகாப்பானது?

கன்னியம்மா சொன்னது காதில் கேட்டது. என்னை எங்கே போகச் சொல்கிறாய்? எனக்காவது மகன் இருக்கிறான். நான் ஒன்று போட்டு, எவனாவது ஆளை அனுப்பி வீட்டைப் பூட்டினால், அவள் அந்தத் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு எந்த வாசலில் போய் நிற்பாள்? உன் பேனா அன்றைக்கு ஏன் அப்படி ஓடியது என்று அந்த ஒரு நிமிஷம் எனக்குப் புரிந்தது. புரிந்ததற்காகவும் உன்மேல் எரிச்சல் வந்தது.

பிறகு ஊன்றுகோலை எடுத்தேன். உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவரைத் தட்டினேன். ஷிஃப்டுக்கு நேரமாயிற்று என்று அந்தப் பக்கத்திலிருந்து நீ மூன்று தட்டு தட்டுவாயே, அதே சுவர்தான். மேலே தட்டினேன், பொத். நடுவில் தட்டினேன், பொத். கீழே, தரையை ஒட்டி மட்டும் கொஞ்சம் கல் பேசியது. அதற்கும் அடியில் நீயும் நானும் தோண்டி வெற்றாக்கிய பூமி. நம் வீட்டுக்குக் கீழே நாமே குடைந்துவிட்டு, வீடு பத்திரமா என்று யாரோ கேட்க, மிக நன்று என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். நம்மைவிடப் பெரிய அசடு அந்தப் பெங்களூர் ஆபீசில்கூட இருக்க மாட்டான்.

"இன்னாத்துக்குண்ணா சுவர இடிக்கிற?" சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கன்னியம்மா கத்தினாள்.

"நீ இதுக்கு அஞ்சு போட்டிருக்க. நான் ஒண்ணு போடறேன். ஒரே சுவரு. உன் பக்கம் எப்படிக் கீதுன்னு நீயே தட்டிப் பாரு. சொன்னாத்தான் முட்டு வரும்னு உன் வூட்டுக்காரன்தான் சொன்னான்."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் டங்கென்று தரையில் வைபட்டது. சரி, கோபித்துக்கொண்டாள் என்று நான் எழுத உட்கார்ந்தேன். கடைசிப் பெட்டியில் இடம் சின்னது, என் எழுத்து பெரியது. 'சுவர் பொத்தென்று கேட்கிறது. எங்களைக் காலி செய்யாதீர்கள். முட்டுக் கொடுங்கள்.' அவ்வளவுதான் அடங்கியது. அதற்கே அரை மணி நேரம் ஆயிற்று. நிமிர்ந்து பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷத்தில் நான் சொன்னது நான் சொன்னபடியே ஒரு காகிதத்தில் ஏறியது அதுதான் முதல் தடவை.

அப்போது அந்தப் பக்கத்தில் ஏதோ சத்தம். விளக்குமாற்றின் அடிக்கட்டையாக இருக்க வேண்டும். முதலில் ஒரு தட்டு. நின்றது. அப்புறம் கொஞ்சம் மேலே ஒரு தட்டு. பிறகு சுவரின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், ஒவ்வொரு முழமாக, நீ தட்டுவாயே அதே நிதானத்தில் தட்டிக்கொண்டே போனாள். நானும் காது கொடுத்துக் கேட்டேன். எந்தப் பக்கத்திலிருந்து தட்டினாலும் ஒரே சத்தம்தான்.

உன் கையெழுத்தை நான் இனி நம்ப மாட்டேன். நீ தட்டிக் காட்டிய சத்தம் மட்டும் என் காதில் அப்படியே இருக்கிறது.

தட்டல் நின்றது. அவள் குரல் வந்தது.

"அண்ணா, அவரு பேனாவ எடுத்துகினு வா."