ஒன்றையொன்று கை காட்டும் இரண்டு எண்கள்

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். கடவுள் புண்ணியத்தில் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் ஆறவில்லை. மின்னஞ்சலில் அனுப்பினால் அதற்கும் ஒரு எண் போட்டு மூடிவிடுவாய், அதனால்தான் காகிதம்.

உன் அத்தானுக்குப் பார்வை போனபின், கணினி வாசித்துக் காட்டுவதைக் கேட்டுத்தான் எல்லாம் செய்கிறார். ஒரு வேலைக்கு விண்ணப்பம் போட உட்கார்ந்தார். ஒன்பதாவது கேள்விக்கு வருவதற்குள் நேரம் முடிந்தது என்று பக்கம் அத்தனையையும் அழித்துவிட்டது. நான்கு முறை. நான் தட்டித் தருகிறேன் என்றால், “நீ எழுதினா வேலைக்கும் நீயே போ” என்று எரிந்து விழுகிறார்.

வலைப்பக்கங்களுக்கு விதி எழுதும் உங்கள் குழு, குறை இருந்தால் யாரும் எழுதலாம் என்று அறிவித்ததே, அதை நம்பினேன். ஆங்கில அகராதியை மடியில் வைத்துக்கொண்டு மூன்று நாள் எழுதினேன். அழிப்பதற்கு முன் எச்சரிக்க வேண்டும், கூடுதல் நேரம் கேட்க வழி வேண்டும். கேட்டது இவ்வளவுதான். என் குறைக்கு 412 என்று எண் வந்தது. நோட்டில் தேதி போட்டுக் குறித்தேன்.

பதினோராம் நாள், தீர்ந்த கணக்கில் சேர்த்து மூடிவிட்டார்கள். ‘இதே குறை 388-இல் உள்ளது.’ 388-ஐத் தேடிப் போனேன். அதுவும் அன்றைக்கே மூடியிருந்தது. ‘இதே குறை 412-இல் உள்ளது.’ இரண்டின் கீழும் உன் பெயர். மாத அறிக்கையில் ‘நிலுவை ஏதுமில்லை’ என்று நீ எழுத, உன் கூட்டாளிகள் கட்டைவிரலை உயர்த்தியிருக்கிறார்கள். சீ!

தொலைபேசியில் கேட்டதற்கு என்ன சொன்னாய்? “எண்ணிக்கையக் குறைன்னு மேல கழுத்த நெரிக்கிறாங்கக்கா. இத வீட்டு விஷயமாக்காத.” கைதவறிச் செய்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். தெரிந்த பிறகும் அப்படியே விட்டாயே, அதுதான் அருவருப்பாக இருக்கிறது.

388-ஐ எழுதியவர் யாரோ, எந்த ஊரோ. அவர் வீட்டிலும் யாரோ காத்திருப்பார்கள். இந்த மாதக் கடைசியோடு விதி முடிவாகிறது. அப்புறம் யார் எழுதினாலும் சேராது. அக்காவுக்காகச் செய்ததாகிவிடும் என்று கூச்சமாக இருந்தால் என்னுடையதை மூடியே வை. அவருடையதைத் திற.

மூடியது நீ என்று அத்தானிடம் சொல்லவில்லை. “நம்ம பய அங்க இருக்கான்ல, பார்த்துப்பான்” என்று தெம்பாக இருக்கிறார். உன் கண்ணுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று தினமும் உனக்காகவும் வேண்டிக்கொள்கிறேன்.

உன் அக்கா