நீங்கள் எனக்குத் தஞ்சாவூரைச் சுற்றிக்காட்டிய நாள்

உங்கள் அலமாரியை இன்றுதான் திறந்தேன். உங்களை அடக்கம் செய்து எட்டு மாதமாகிறது. துவைக்காமலே மடித்து வைத்திருந்த கோடு போட்ட சட்டையின் பையில் இரண்டு சீட்டுகள் இருந்தன. தஞ்சாவூர் அரண்மனையைப் பார்க்க நீங்கள் வாங்கியவை. இரண்டும் கிழிக்கப்படாமல் இருந்தன. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

மஸ்கட்டில் முப்பது வருடம் கார் ஓட்டினீர்கள். ஒவ்வொரு லீவிலும் சொல்வீர்கள்: "ஒருநாள் தஞ்சாவூர் முழுக்கச் சுத்திக் காட்டுறேன் புள்ள." ஒவ்வொரு லீவும் யார் வீட்டுக் கல்யாணத்திலோ போய்விடும். ஒரேயடியாக நீங்கள் ஊர் திரும்பியபோது மறதியும் கூடவே வந்திருந்தது. இந்த நிலைமையில் தஞ்சாவூருக்குக் கூட்டிப் போக வேண்டாமென்றாள் மகள். நான்தான் பிடிவாதம் பிடித்தேன். மிச்சமிருக்கும் நினைவு தீர்வதற்குள் ஒரு நாளாவது உங்களோடு ஊர் சுற்ற வேண்டும் என்று இருந்தது.

பெரிய கோயிலின் கோபுரத்தை வெளியே நின்று அண்ணாந்து பார்த்தோம். அரண்மனை வாசலில் நீங்களே வரிசையில் நின்று சீட்டு வாங்கினீர்கள்.

"பாத்ரூம் போயிட்டு வந்துடுறேன். இந்தத் தூணை விட்டு நகராதீங்க மச்சான்."

"நான் என்ன சின்னப் புள்ளையா?" என்று சிரித்தீர்கள்.

திரும்பி வந்தபோது தூண் இருந்தது. நீங்கள் இல்லை.

உங்கள் போன் என் கைப்பையில் இருந்தது. தொலைத்துவிடுவீர்கள் என்று நான்தான் வாங்கி வைத்திருந்தேன். கீழராஜவீதிக்கு ஓடினேன். வெயில் கண்ணைக் குத்தியது. தெற்கு வீதி, மேலவீதி, நடுவில் எத்தனை சந்துகள்! எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. எந்தச் சந்தில் நுழைந்தேன், எதில் வெளியே வந்தேன் என்றே தெரியவில்லை. நம் ஊரைத் தாண்டி நான் எந்த ஊரில் தனியாக நடந்திருக்கிறேன்? போனிலிருந்த உங்கள் படத்தை ஒவ்வொரு கடையிலும் நீட்டினேன். போக்குவரத்துப் போலீஸ்காரர், "என்ன கலர் சட்டைம்மா?" என்றார். காலையில் என் கையால் தேய்த்துக் கொடுத்த சட்டை. வாய் திறக்கிறேன், நிறம் வரவில்லை. நடுத்தெருவில் நின்று, "யா அல்லாஹ், என் புத்தியையும் எடுத்துக்கிட்டியா?" என்று அழுதேன்.

ஒரு பூக்காரம்மாதான் கீழவாசல் பக்கம் கை காட்டினார். அங்கே ஒரு ஆட்டோவில், டிரைவர் சீட்டில், ஹேண்டிலைப் பிடித்தபடி நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். ஆட்டோக்காரர் டீ கிளாசோடு வெளியே நின்றிருந்தார்.

"ஒரு மணி நேரமா உக்காந்திருக்காரும்மா. டியூட்டியில இருக்கேங்கிறாரு. எறக்கிவிட எனக்கு மனசு வரல."

நான் கிட்டே வந்தேன். நிமிர்ந்து பார்த்தீர்கள்.

"வண்டி காலியில்லைங்கம்மா. என் வீட்டுக்காரி அரண்மனைக்குள்ள போயிருக்கா. அவ வரணும்."

முப்பத்தெட்டு வருடத்தில் என்னை நீங்கள் 'ங்க' போட்டுப் பேசியது அன்றுதான்.

"அவங்க வர்ற வரைக்கும் பின்னால உக்காந்துக்கவா?" என்றேன்.

"உக்காருங்க. எந்த ஊரு?"

"தரங்கம்பாடிப் பக்கம்."

"அட, நம்ம பக்கந்தான்! அய்யம்பேட்டை, பாபநாசம், கும்பகோணம், மாயவரம், நேரா போயிடலாம். அய்யம்பேட்டைக் கடைத்தெருவுலதான் கொஞ்சம் நெரிசலா இருக்கும்." ஒரு ஊர்கூடத் தப்பவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னீர்கள்: "அவளுக்கு இந்த ஊரைச் சுத்திக் காட்டுறேன்னு ரொம்ப நாளா சொல்லிக்கிட்டிருக்கேன். பாவம், கோவிச்சுக்கவே மாட்டா."

ஆட்டோக்காரர்தான், "அவங்க பஸ் ஸ்டாண்டுல நிக்கிறாங்களாம் பெரியவரே, வாங்க போவோம்" என்று பொய் சொல்லி உங்களைப் பின்சீட்டுக்கு மாற்றினார். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அங்கே நின்ற ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் தேடித் தேடிப் பார்த்தீர்கள். பக்கத்தில் உங்கள் கையைப் பிடித்து நின்ற என்னைத் தவிர.

'நான்தான் மச்சான் அவ' என்று சொல்லியிருக்கலாம். இல்லை என்று நீங்கள் சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். அதன் பிறகு இரண்டு வருடம் உங்களுக்குச் சோறு ஊட்டினேன், குளிப்பாட்டிவிட்டேன். நல்லபடியாகத்தான் பார்த்துக்கொண்டேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பயம் போகவில்லை. நீங்கள் காத்திருந்தவள் வந்துவிட்டாள் என்று கடைசிவரை நான் உங்களிடம் சொல்லவே இல்லை.