என் நாற்காலி இருந்த இடம்

என் அக்கா பெற்ற அன்பு மாப்பிள்ளைக்கு,

நான் மகள் வீட்டுக்குப் போய் வருவதற்குள் நம் கடையையே மாற்றி அடுக்கிவிட்டாய். பிரமாதம்! சோப்பு அலமாரி சுவரோரம் போனதில், இனி யானையே உள்ளே வந்து திரும்பலாம்.

தெருவே மூக்கின் மேல் விரல் வைக்கிறது. எல்லாம் என் திட்டம்தான் என்று நானும் அடித்துவிட்டேன். உடனே எதிர்க்கடைத் தையல்காரர், "அப்போ உங்க நாற்காலியையும் நீங்களேதான் தூக்கச் சொன்னீங்களாண்ணே?" என்று கேட்டார்.

கல்லாப் பக்கம் பார்த்தேன். நான் உட்காரும் இடத்தில் விற்பனைக்குத் துடைப்பங்கள் நிற்கின்றன.

"பின்னே, வேற யாரு?" என்று சிரித்தேன்.

ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே எழுந்திருப்பேனே மாப்ளே.

என்னிடமிருந்த கடைச் சாவியை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
என்றைக்குமே நின்றுகொண்டு வியாபாரம் பார்த்த
உன் தாய்மாமன்