பெட்ரோல் மூடிக்கு அரக்கு வைத்தது

கொல்லயில் கிராமம்,
கொல்லம் ஆண்டு 1104 சித்திரை.

கொழும்பிலிருக்கும் மாப்பிள்ளை சிவானந்தத்துக்கு, மாமன் குற்றாலிங்கம் பிள்ளை ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உங்கள் மோட்டார் வண்டி மட்டும் சுகமில்லாமல் கிடந்தது. ஊர்க்காரர் யாராவது அதை உங்களுக்கு எழுதுமுன் நானே எழுதிவிடுகிறேன்.

கோமளவல்லிக்கு இது பத்தாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் நேரத்துக்குச் சேர்க்கத்தான் வண்டியையும் டிரைவர் பொன்னுதாசையும் இங்கே விட்டுப்போனீர்கள். அந்தப் பொன்னுதாஸ்மேல் எனக்கு முதலிலேயே ஒரு கண். தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா? போன மாதம் பனச்சமூட்டு ஏற்றத்தில் வண்டியைத் திருப்பி, பின்புறமாகவே மேலே ஓட்டினான். சந்தையே கூடிச் சிரித்தது. கேட்டால், தொட்டி சீட்டுக்கடியில் இருக்கிறதாம், வண்டி மூக்கைத் தூக்கினால் பெட்ரோல் எஞ்சினுக்கு எட்டாதாம். "எண்ண கொறவா கெடந்தாத்தான் இப்படி, எசமான்" என்றான். எப்படிக் குறைந்தது என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான். எனக்கு அது போதும்.

தாலுகா கச்சேரியில் கஜானாப் பெட்டிக்கு முத்திரை வைத்துப் பழகிய கை என்னுடையது. தொட்டியை நிரப்பி, மூடியைச் சுற்றி நூல் கட்டி, மேலே அரக்கை உருக்கி ஊற்றி மோதிரத்தால் குத்தினேன். நெருப்பைக் கண்டதும் பொன்னுதாஸ் மாமரத்துக்கு அப்பால் ஓடிவிட்டான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையிலிருந்து வண்டி கிளம்ப மறுத்தது. முன்புறக் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி அவன் தோள் வீங்கியதுதான் மிச்சம். இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றுவிடும். பிளக்கில் தீப்பொறி வருகிறது என்று காட்டினான். எஞ்சினருகே குழாயைக் கழற்றினால் பெட்ரோல் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. குழாயை ஊதினான், கார்புரேட்டரைத் துடைத்தான், பலனில்லை. கடைசியில், "தொட்டிக்குள்ள கச்சடா கெடக்குன்னு தோணுது. மூடியத் தொறங்க எசமான், துணியில அரிச்சுப் பாப்போம்" என்றான். கள்ளனே பெட்டியைத் திறக்கச் சொல்கிறானே! எனக்கு வந்ததே கோபம், அப்போதே வேலையைவிட்டு அனுப்பினேன். "நான் கள்ளன் இல்ல எசமான். சின்னம்மைக்க பிரசவம் கழியட்டு, அதுவர நிக்கேன்" என்று கெஞ்சினான். அத்தனை அக்கறை எதற்கு என்று அதையும் சந்தேகப்பட்டேன்.

அன்று மத்தியானமே கோமளவல்லிக்கு வலி கண்டது. பதறாதீர்கள், அது பொய்வலி. மருத்துவச்சி சுகிர்தபாய் வந்து பார்த்து, இன்னும் சில நாள் உண்டு என்றாள். அது தெரியுமுன் நான் பட்ட பாடு முருகனுக்குத்தான் தெரியும். மாட்டுவண்டிக்கு ஆளனுப்பிவிட்டு, அந்தப் பயல் எவ்வளவு திருடினான் என்று பார்க்கிற ஆத்திரத்தில் முத்திரையை உடைத்தேன். மூடியைத் திருகியதும் உஸ்ஸென்று காற்று உள்ளே போயிற்று. குச்சி விட்டுப் பார்த்தால் பெட்ரோல் விளிம்புவரை நிற்கிறது. அடுத்த வீட்டு நெல்லையப்பன் கைப்பிடியைச் சுற்றினான். முதல் சுற்றிலேயே எஞ்சின் முழங்கியது. ஓட்டத்தான் ஆளில்லை.

கோமளவல்லி இடுப்பைப் பிடித்துக்கொண்டே வந்து மூடியை வாங்கிப் பார்த்தாள். நடுவில் ஒரு சின்னத் துளை, அதில் என் அரக்கு. "அப்பா, நீங்க அதுக்க மூக்கையாக்கும் பொத்தி வச்சிருக்கிய. காத்து உள்ள போவாம எண்ண எப்படி எறங்கும்?" என்றாள். மூடியை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இரண்டு வசவு வைதிருந்தால்கூட எனக்குத் தேவலை.

மறுநாள் பனச்சமூட்டில் பொன்னுதாஸ் வீட்டுக்கு நானே போனேன். பெஞ்சு போட்டான், இளநீர் வெட்டிக் கொடுத்தான். வேலைக்கு வா என்றேன். "நாளைக்கு வேற வல்லதும் கொறஞ்சாலும் எசமான் என்னையாக்கும் பாப்பிய. நான் வரல்ல" என்று மரியாதையாகவே சொன்னான்.

இந்தப் பக்கம் வண்டி ஓட்டத் தெரிந்தவன் வேறொருவன் இல்லை. மாட்டுவண்டிக் குலுக்கலில் அத்தனை தூரம் என் மகள் தாங்கமாட்டாள். நீங்கள் கூப்பிட்டால் அவன் வருவான். கடிதம் எழுதிக்கொண்டிருக்கவேண்டாம், அவனுக்கே தந்தி அடியுங்கள். அவனிடம் சொல்லவேண்டிய ஒரு வார்த்தையை வாசல்வரை கொண்டுபோய், இளநீரோடு விழுங்கிவிட்டுத் திரும்பிவிட்டேன். தந்தியில் அதையும் என் பெயரிலேயே சேர்த்துவிடுங்கள்.

உங்களுக்கும், நல்லபடியாக வந்து பிறக்கவேண்டிய குழந்தைக்கும் நீண்ட ஆயுசு உண்டாகட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமன்
குற்றாலிங்கம் பிள்ளை