சாத்தன் கண்டனார் கை நீட்ட வேண்டி மலைக்கோட்டைக்குச் சென்ற ஓலை

மழை தவறாத வேய்நாட்டில் நலம் நிலைப்பதாக. வேந்தர் திருவாணைப்படி, தலைநகராம் நெடுவாயிலிலிருந்து மூத்த அமைச்சர் மாதேவப் பொறையனார் எழுதுவிக்க, வடவெல்லை மலைக்கோட்டையின் தலைவரும், மூன்று போர்களில் முன்னின்று மீண்டவரும், எழுபத்தோர் அகவை நிறைந்தவருமான சாத்தன் கண்டனார் திருமுன் படிக்கப்பட வேண்டிய ஓலை. தங்கள் கோட்டையின் மதிலும் சுனையும், அங்கே ஓய்ந்திருக்கும் முதுவீரர் நூற்றுப்பன்னிருவரும் குறைவின்றி இருக்க அமைச்சர் வேண்டுகிறார். வேண்டுவதோடு நிறுத்திக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை.

கூதிர் தொடங்குமுன் அறுபது கடந்தோர்க்கு ஆண்டுதோறும் இடப்படும் குளிர்காலக் காய்ச்சலுக்கான காப்பூசியோடு வந்த மருத்துவர் செங்கோதையாரைத் தாங்கள் தேனும் தினைமாவும் தந்து உபசரித்து, ஊசியை மட்டும் ஏற்காது திருப்பி அனுப்பியதாக அறிந்தோம். சென்ற ஆண்டின் தழும்பைக் காட்டி, ஒருமுறை பட்ட காயத்தை மறுமுறை கேட்டு வாங்குவது வீரர்க்கு வழக்கமில்லை என்று மொழிந்தீர்களாம். அவை முழுதும் சிரித்ததாம். தலைவர் கை வைக்காத சோற்றில் வீரர் கை வைப்பதில்லை என்பது நம் கோட்டைகளின் பழைய முறை. ஆதலால் தாங்கள் கையை மடக்கிக்கொண்டதும் அந்த நூற்றுப்பன்னிருவரும் மடக்கிக்கொண்டார்கள். மருத்துவர் ஒருவருக்கும் ஊசியிடாமல் மலையிறங்கினார்.

இதைக் கேட்டு அமைச்சர் அன்று உணவு கொள்ளவில்லை. சென்ற கூதிர்வரை ஆற்றுக்கோட்டையைக் காத்தவர் அவருடைய தமையனார் குமரப் பொறையனார் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அவரும் பழைய தழும்பைத்தான் காட்டினார்; அவர் அவையும் சிரித்தது. அமைச்சர் அப்போது அருகில் இருந்தார். மூத்தவரை அவையில் வற்புறுத்துவது மரியாதையன்று என்று வாய்மூடி இருந்தார். அந்தப் பாழும் மரியாதைக்காக அவர் தம்மை இன்றுவரை மன்னிக்கவில்லை.

முதலில் ஓர் ஓடக்காரர் இருமினார். பத்து நாளில் கோட்டை முழுதும் இருமியது. இளையோர் கஞ்சி குடித்து, போர்த்திப் படுத்து, எழுந்துவிட்டார்கள். முதியோர்க்குச் சளி மார்பில் இறங்கிச் சுரமாக மூண்டது. குமரனாரால் படுக்க இயலவில்லை. படுத்தால் மூச்சு நின்றது. திண்டில் சாய்ந்தபடியே, உதடு நீலம் பாய, ஐந்து நாள் இருந்தார். ஆறாம் நாள் தம்பியை அழைத்து, தம் முதுவீரரும் இருமுகிறார்களா என்று வினவினார். இல்லை என்று அமைச்சர் பொய்யுரைத்தார். சுவருக்கு அப்பால் அவர்கள் இருமுவது இருவர் காதிலும் விழுந்துகொண்டிருந்தது. குமரனார் அந்தச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த மாதத்தில் அவர் உட்பட அங்கே மாண்டவர் முப்பத்தெண்மர்.

செங்கோதையார் கூறுவதையும் திருவுளம் கொள்க. இந்நோய் ஆண்டுக்கு ஆண்டு உருமாறி வருவது. சென்ற ஆண்டின் காப்பு இவ்வாண்டுப் பகையை அடையாளம் காணாது. வயது ஏற ஏற உடலின் காவலும் தளர்கிறது. மார்ச்சளிச் சுரத்துக்கென வேறோர் ஊசி உண்டு. அதை ஆண்டுதோறும் இட வேண்டுவதில்லை. இவற்றை ஏற்றவர் எவரும் இருமுவதில்லை என்று அவர் வீண்வாக்குத் தரவில்லை. ஏற்றவரில் சிலரும் நோயுற்றனர், ஒருவர் இறந்தும் போனார். ஆயினும் ஊசி ஏற்றுப் பாயில் விழுந்தவருள் மிகப் பலர் எழுந்து நடந்தனர். தங்களுக்கு ஓரிரு நாள் தோள் நோகும், உடல் சற்றே காயும். மூன்று போர் கண்டவர் இதற்கு அஞ்சுவார் என்று அமைச்சர் நம்பவில்லை. சிரிக்கவைத்த அவையின் முன் சொல்லை மாற்றிக்கொள்ள நாணுகிறீர்கள் என்றே எண்ணுகிறார். அந்த நாணத்துக்கு நூற்றுப்பன்னிரு உயிர் மிக அதிகம், கண்டனாரே.

ஆகவே செங்கோதையார் இவ்வோலையுடன் மீண்டும் வருகிறார். பனி மூடுமுன் மலைவழி இன்னும் எட்டு நாளே திறந்திருக்கும். முரசு முற்றத்தில், முதுவீரர் அனைவரும் காண, தாங்கள் முதலில் கை நீட்டுக. தங்கள் கையை வலிந்து பிடிக்க வேந்தர் ஆணையிடவில்லை. மறுப்பீராயின், இதனோடு வரும் வெற்றோலைக் கட்டில் அந்த நூற்றுப்பன்னிருவர் பெயரையும், அவரவர்க்காக அழப்போகும் மனைமக்கள் பெயரையும் தங்கள் கைப்பட எழுதி, மருத்துவரிடம் கொடுத்தனுப்புக. எழுத்தரிடம் ஒப்படைக்க வேண்டா. ஆற்றுக்கோட்டையின் முப்பத்தெட்டுப் பெயரையும் அமைச்சர் தாமே எழுதினார். முதற்பெயரை எழுதி முடிக்க அவருக்கு ஒரு பகல் ஆயிற்று.

இது வேந்தர் ஆணை. வேய் முத்திரை இடப்பட்டது. கட்டோடு எழுத்தாணி ஒன்றும் வைத்திருக்கிறோம். அதைத் தாங்கள் தொடாமலே திருப்பி அனுப்புவீர்களாக.